கன்னியக்கோயில் நிறுத்தத்தைத் தாண்டுவதற்கு ஒரு வசனம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 பிப்ரவரி 26, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைய சுவிசேஷ வாசிப்பு மத்தேயு 4-ம் அதிகாரம், வனாந்தரத்தில் இயேசு சோதிக்கப்பட்ட பகுதி. ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஆலய வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் ஒருவர் வந்து நின்றார். ஒரு காலத்தில் என் வகுப்பில் படித்தவர்.

"சார், இயேசு நாப்பது நாள் பட்டினி கிடந்துட்டு பிசாசை ஜெயிச்சாரு. எனக்கு கன்னியக்கோயில் ஸ்டாப்பைத் தாண்ட முடியல சார்."

அவருடைய கதைதான் இது. அவர் முழுவதும் படித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே வெளியே தருகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் மருத்துவனும் இல்லை, போதகரும் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர், சபையில் ஒரு மூப்பர். 'வசனத்தால் சோதனையை ஜெயிக்கலாம்' என்று நம் சபைகளில் அடிக்கடி சொல்கிறோம். அது ஒரு ஆளின் வாழ்க்கையில் எப்படி நடக்கிறது, எங்கே தவறிப்போகிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. முதல் வாரத்தில் நான் செய்த ஒரு தவறால் ஒரு குடும்பம் ஒருவரை இழந்திருக்கும். அதுவும் எழுதப்பட வேண்டும்.

பின்னணி

அப்போது அவருக்கு 38 வயது. வெல்டிங் வேலை. வீடு கடலூர் முதுநகரில், பட்டறை புதுச்சேரியில். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், கூடவே அம்மா. பரம்பரையாகச் சபைக் குடும்பம். ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டியில் பரிசு வாங்கிய பையன் அவர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வசனம் தெரியாமல் அவர் விழவில்லை.

இந்தச் சாலையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் முள்ளோடை; அங்கே மாநில எல்லை. அடுத்து கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் மட்டும். பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் தனியார் கடைகள், வரி குறைவு, விலை குறைவு, சாராயக்கடையும் உண்டு. அதனால் எல்லையை ஒட்டிய அந்தச் சின்ன ஊர்களில் கடைகள் நெருங்கி நிற்கின்றன. கடலூரிலிருந்து குடிப்பதற்கென்றே பஸ் ஏறிப் போகிறவர்கள் உண்டு. இவருக்கோ தினமும் இரண்டு தடவை அந்தக் கடைகளைத் தாண்டித்தான் பிழைப்பு. சனிக்கிழமை கையில் வாரக் கூலி வேறு.

22 வயதில் வேலை முடிந்து நண்பர்களோடு ஆரம்பித்தது. 30-க்குப் பிறகு தனியாக. கடைசி இரண்டு வருடம் காலையில் ஒரு கட்டிங் போடாமல் வெல்டிங் ராடு பிடித்தால் கை நடுங்கும். இந்தக் கடைசித் தகவலை நான் அந்த ஞாயிறு அன்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதல் வாரம்: என் தவறு

அன்று மாலையே ஒரு தாளில் 21 வசனங்கள் எழுதிக் கொடுத்தேன். தினம் ஒன்றாக மனப்பாடம் செய்யச் சொன்னேன். "இன்னையோட விட்டுடுப்பா. கர்த்தர் பார்த்துக்குவார்" என்றேன். அன்று இரவு கடைசியாகக் குடித்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கும் மாணவன்.

புதன்கிழமை இரவு 11 மணிக்கு அவர் மனைவி போன் செய்தார். "சார், சுவத்துல பூச்சி ஊருதுன்னு தட்டிக்கிட்டே இருக்காரு. செத்துப்போன மாமாகிட்ட பேசுறாரு. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது." நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். உறவினர் ஒருவர் விடுதலை ஜெபம் செய்கிறவரை அழைத்து வந்திருந்தார். இரண்டு மணி நேரமாக 91-ம் சங்கீதத்தை உரக்கச் சொல்லி, பேயை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கட்டிலில் துடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பணியிலிருந்த இளம் டாக்டரம்மா முதலில் கேட்டது ஒரே கேள்வி: "கடைசியா எப்ப குடிச்சாரு?" ஞாயிறு ராத்திரி என்றோம். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. நீண்ட காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இப்படி மனம் குழம்பி, இல்லாததைப் பார்க்கும் நிலை வரலாம்; சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிரே போகலாம் என்று பொறுமையாக விளக்கினார். வைட்டமின் பி1 ஊசி, நடுக்கத்தை அடக்க மருந்து, இடைவிடாத கவனிப்பு. எட்டு நாள் உள்ளே இருந்தார்.

அந்த எட்டு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. பிசாசு தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, "தாழக்குதியும்" என்று சொன்னபோது எடுத்துக் காட்டியது அதே 91-ம் சங்கீதத்தைத்தான்: தூதர்கள் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்ற வாக்கு. நான் செய்ததும் அதுதான். மருத்துவம் என்ற படிக்கட்டு பக்கத்தில் இருக்க, ஒரு மனிதனை உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னேன், கையில் வசனத்தாளைக் கொடுத்து. இதைப் படிக்கிற மூப்பர்கள், உபதேசியார்கள், ஜெபக்குழு நடத்துகிற அக்காமார் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன்: தினமும் குடிக்கிற ஒருவர் விட வேண்டும் என்று வந்தால், முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஜெபம் ஆட்டோவிலேயே ஆரம்பிக்கலாம்.

இரண்டாம் கட்டம்: இரண்டு பக்கம் உள்ள நோட்டு

வீட்டுக்கு வந்த பிறகு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை டாக்டரைப் பார்ப்பது, மாத்திரை தவறாமல் போடுவது என்று ஒழுங்கு ஏற்பட்டது. அப்புறம்தான் நாங்கள் இருவரும் மறுபடியும் மத்தேயு 4-ஐத் திறந்தோம், இந்தமுறை மெதுவாக.

இயேசுவின் மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வருகின்றன. 6-ம் அதிகாரம், 8-ம் அதிகாரம். இது நாங்கள் இருவரும் சிறுவயதிலிருந்தே அறிந்தது. ஆனால் ஏன் அந்த இடம்? இஸ்ரவேல் 40 வருடம் வனாந்தரத்தில் நடந்த கதையை மோசே திரும்பிப் பார்க்கிற பகுதி அது. அப்பத்துக்காக முறுமுறுத்தது, மாசா என்ற இடத்தில் தண்ணீருக்காகக் கர்த்தரைப் பரீட்சை பார்த்தது, வேறு தெய்வங்களின் பின்னால் போகாதே என்ற எச்சரிப்பு எல்லாம் அங்கே இருக்கிறது. இயேசு 40 நாள் பசியோடு, அதே மாதிரி வனாந்தரத்தில் நிற்கிறார். தன் ஜனம் விழுந்த அதே இடத்தில் தான் நிற்பது அவருக்குத் தெரிகிறது. அந்த விழுகையைப் பற்றிய வார்த்தையையே எடுக்கிறார். கைக்கு வந்த ஏதோ ஒரு வசனத்தை அவர் வீசவில்லை. கல்லை அப்பமாக்கு என்ற குரலுக்கு, "மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல" என்பது நேருக்கு நேரான பதில்.

என் 21 வசனத்தாளில் இல்லாதது இதுதான். நல்ல வசனங்கள் எல்லாம். ஆனால் எந்தப் பொய்க்கு எது பதில் என்று அதில் இல்லை.

ஆகவே ஒரு நோட்டு வாங்கினோம். இடது பக்கத்தில், குடிக்கச் சொல்லி மனசில் வருகிற பேச்சை, வந்தபடியே, அவருடைய பேச்சுத் தமிழிலேயே எழுத வேண்டும். வலது பக்கத்தில் அதற்குப் பதில் சொல்லும் வசனத்தை அவரே தேடி எழுத வேண்டும். நான் தேடித் தரமாட்டேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 4-ம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு எண்ணமும் என்ன சொல்லிக்கொண்டு வருகிறது என்று எழுதி, அதற்கு எதிராக ஒரு வேத வசனத்தை வைத்தார். அப்படி ஏறக்குறைய 500 வசனங்கள் சேர்த்தார். வனாந்தரத்தில் இயேசு பேசியதைப் பார்த்து அவர் கற்ற வழி அது. சாப்பாடு, பணம், கோபம், சோர்வு என்று அன்று துறவிகளை இழுத்தவைதான் இன்று பட்டறைக்காரரையும் இழுக்கின்றன.

நோட்டின் முதல் பக்கங்களிலிருந்து சில, அவர் அனுமதியோடு.

"கை வலிக்குது. ஒண்ணு போட்டா தூக்கம் வரும்." இதற்கு அவர் எழுதியது நீதிமொழிகள் 23. அது பாத்திரத்தில் பளபளப்பாய்த் தோன்றும், மெதுவாய் இறங்கும், முடிவிலே பாம்பைப்போல் கடிக்கும். அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தில், அடி வாங்கியும் நோகாமல், அதைப் பின்னும் தேட எப்பொழுது விழிப்பேன் என்று சொல்கிற குடிகாரன் வருகிறான். அதைப் படித்துவிட்டு, "சார், இதை எழுதினவருக்குக் காலையில கை நடுங்குறது தெரிஞ்சிருக்கு" என்றார். அந்த ஒரு நிமிடத்தில் வேதம் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு போல ஆனதை நான் பார்த்தேன்.

"கொஞ்சமா குடிக்கலாம்னு பவுலே தீமோத்தேயுவுக்குச் சொல்லியிருக்காரு." இது பல வருடமாக அவர் வீட்டில் சொல்லிவந்த சாக்கு. 1 தீமோத்தேயு 5:23. நாங்கள் அதை மறைக்காமல் எடுத்துப் படித்தோம். வயிற்றுக்காக, அடிக்கடி வரும் பலவீனங்களுக்காக என்று அங்கே காரணம் எழுதியிருக்கிறது. தண்ணீர் மட்டும் குடித்துவந்த, தொடவே தயங்கிய ஓர் இளைஞனுக்கு எழுதியது. பிசாசும் சங்கீதம் 91-ஐ இப்படித்தான் வெட்டிச் சொன்னான். "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொல்லை விட்டுவிட்டான். அடுத்த வசனத்தில் விரியன் பாம்பையும் வலுசர்ப்பத்தையும் மிதிப்பாய் என்று வருகிறது, அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டான். வசனத்தை முன்னும் பின்னும் சேர்த்துப் படி என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். இது பிற்பாடு எனக்கே திரும்பி வந்தது.

"ஒரு மாசம் ஆச்சு. கடை வாசல்ல நின்னுட்டு, குடிக்காம வந்து காட்டுறேன்." இந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதற்கு மட்டும் நான் விதியை மீறி, பதிலை நானே சொன்னேன்: "உங்கள் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சைபாராதிருப்பீர்களாக."

பேயா, இச்சையா?

அவர் அம்மாவுக்குக் கடைசிவரை ஒரே கேள்வி: மகனைப் பிடித்தது பிசாசா, இல்லையா? நான் அவரிடம் யாக்கோபின் நிருபத்தைப் படித்துக் காட்டினேன். முதல் அதிகாரத்தில், "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்" என்கிறார். நான்காம் அதிகாரத்தில், "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் உங்களைவிட்டு ஓடிப்போவான்" என்கிறார். இரண்டையும் எழுதியது ஒரே கை. தூண்டுகிறவன் உண்டு என்று நான் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டிவிட்டால், எதிர்த்து நிற்க வேண்டிய ஆள் கட்டிலில் படுத்தபடி பார்வையாளனாகிவிடுவார். அந்தப் புதன்கிழமை இரவு நடந்தது அதுதான்: எல்லாரும் பிசாசோடு பேசினார்கள், அவரோடு ஒருவரும் பேசவில்லை. "அப்போ அவன்தாம்ப்பா எந்திரிச்சி நிக்கணும்" என்றார் அந்த அம்மா.

போக்கு

1 கொரிந்தியர் 10:13-ஐ இவருக்காகவே எழுதியது போல இருந்தது. "சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்." போக்கு என்றால் போகிற வழி, மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லும் வெளியேறும் வழியைத்தான் சொல்கிறது. "அப்படின்னா நிஜமாவே ஒரு ரோடு இருக்கணும் சார்" என்றார் அவர். உட்கார்ந்து அந்த ரோட்டைத் தேடினோம். கூலி இனி மனைவியின் வங்கிக் கணக்குக்கு நேரே போகும். திரும்பும்போது பஸ் வேண்டாம். கடலூருக்கு வரும் சக தொழிலாளி ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவார். அந்த நண்பர் சபைக்காரர் இல்லை, மாரியம்மன் பக்தர், கேட்டவுடன் சம்மதித்தார். கிருமாம்பாக்கம் வந்ததும் எனக்குப் போன் செய்து, அன்றைய வசனத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெண்ணையாற்றுப் பாலம் வரும்வரை பேச்சு தொடரும். கால் மணி நேரம்கூட ஆகாது. வசனம் சொல்லி முடிந்தால் பிள்ளைகளின் படிப்பு, மழை, கிரிக்கெட் எதுவானாலும் பேசுவோம்.

வாய்விட்டுச் சொல்வதில் ஒரு சிக்கல் வந்தது. நம் சபைகளில் வாசிக்கிற பழைய வேத மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலின் நடை அவர் நாக்கில் ஓடவில்லை; "சார், பைக்ல உக்காந்துக்கிட்டு 'பிரதியுத்தரமாக'ன்னு வாய்ல வரமாட்டேங்குது" என்றார். நான் முதலில் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அந்த நடைமேல் பாசம். அதன் வேர் 18-ம் நூற்றாண்டு ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய அச்சு இயந்திரம்தான் சென்னை வேப்பேரியில் அவர் கையில் போய்ச் சேர்ந்தது. இவர் தினமும் போகிற ஊரிலிருந்து போன இயந்திரம். ஆனால் பப்ரிசியுஸ் தமிழில் உழைத்ததே சாதாரண ஜனத்துக்குப் புரிய வேண்டும் என்றுதானே. அப்புறம் அவருடைய சொந்தப் பேச்சிலேயே சொல்லவிட்டேன். "சாப்பாடு மட்டும் மனுசனை வாழ வைக்காது, கடவுள் சொல்ற ஒவ்வொரு வார்த்தையும்தான்." பைக் சத்தத்துக்கு நடுவில் அது தெளிவாகக் கேட்டது.

இன்னொன்று, நாங்கள் யாரும் முன்கூட்டி யோசிக்காதது: திருவிருந்து. எங்கள் சபையில் பாத்திரத்தில் இருப்பது உண்மையான திராட்சமது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் திருவிருந்தில், பாத்திரம் நெருங்கும்போது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வாசனை வந்ததும் உடம்பு முழுக்க இழுத்ததாம். போதகர் அடுத்த முறை அவருக்குப் புளிக்காத திராட்சைச் சாற்றைத் தனிக் கிண்ணத்தில் கொடுத்தார். இரண்டு மூப்பர்கள் ஆட்சேபித்தார்கள், பாத்திரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று. அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் பலவீனமான சகோதரன் இடறாதபடிக்கு என்று பவுல் எழுதியதை வைத்துப் பார்த்தால் போதகர் செய்ததே சரி.

விழுந்தது

ஆகஸ்டில் விழுந்தார். பாகூர் பக்கம் ஒரு பெரியப்பா இறந்துபோனார். துக்க வீட்டில் பாடை தூக்குகிறவர்களுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். யாரோ ஒரு டம்ளரை நீட்டினார்கள். வேண்டாம் என்று சொன்னால் செத்தவருக்கு மரியாதை இல்லை என்று ஆகிவிடுமே என்ற பேச்சு மனசில் வந்தது. அது நோட்டில் இல்லாத பேச்சு. மூன்று நாள் குடித்தார்.

நான்காம் நாள் மனைவியோடு வந்தார். நோட்டை என் மேசைமேல் போட்டார். "வசனம் வேலை செய்யல சார்." முதலில் மருந்தைப் பற்றிக் கேட்டேன், அன்றே டாக்டரிடம் போனோம், அந்தப் பாடத்தை மறக்கவில்லை. அதற்குப் பிறகு லூக்கா 4:13-ஐப் படித்தோம். சோதனையெல்லாம் முடித்தபின் பிசாசு "சிலகாலம்" அவரை விட்டு விலகிப்போனான் என்று இருக்கிறது. இயேசுவுக்கே சிலகாலம்தான். பிறகு லூக்கா 22. "சீமோனே, சீமோனே, இதோ, கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான்." அடுத்து, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு வேண்டிக்கொண்டேன் என்கிறார், "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்கிறார். சீமோன் என்கிற பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மறுதலிப்பதற்கு முன்பே சொன்ன வார்த்தை அது. விழப்போகிறான் என்று தெரிந்தே, எழுந்த பிறகு செய்ய வேண்டிய வேலையை அவன் கையில் கொடுக்கிறார். இதைப் படிக்கும்போது அவர் மனைவிதான் அழுதார். அவர் நோட்டை எடுத்து, இடது பக்கத்தில் துக்க வீட்டுப் பேச்சை எழுதினார்.

இப்போது

அந்த ஆகஸ்டுக்குப் பிறகு ஒன்றரை வருடம் ஆகிறது, குடிக்கவில்லை. இதில் வசனத்தின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு, கூலியைத் தன் கணக்கில் வாங்கும் மனைவியின் பங்கு எவ்வளவு, பைக் ஓட்டிய நண்பரின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒருவர் கதையை வைத்து எல்லாருக்கும் இப்படித்தான் என்றும் சொல்லமாட்டேன். நான் கண்ணால் பார்த்தது இவ்வளவு: தாளில் இருந்த 21 வசனங்கள் அவரைக் காக்கவில்லை. தன் மனசில் ஓடும் பேச்சை எழுதி, அதற்கு எதிரே அவரே தேடி வைத்த வசனம், இன்னொரு ஆளின் காதில் விழும்படி, குறிப்பிட்ட அந்தச் சாலையில் சொல்லப்பட்டபோது, அவரைத் தாங்கியது.

போன மாதம் நோட்டோடு வந்தார். இடது பக்கத்தில் புதிதாக ஒரு வரி: "இப்ப நல்லாயிட்டேன். இனிமே சாருக்கு போன் பண்ணித் தொந்தரவு பண்ண வேண்டாம்." வலது பக்கம் காலி. எந்த வசனம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே வேதத்தைத் திருப்பி, எங்கள் 1 கொரிந்தியர் 10:13-க்கு வந்தார். விரலை ஒரு வரி மேலே நகர்த்தினார்.

"சார், இத்தனை நாள் பதிமூணாம் வசனத்தையே சொல்லிட்டு இருந்தோம். மேல பன்னிரெண்டு இருக்கு, பாக்கவே இல்ல."

"இப்படியிருக்க, தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன்."

நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை மாலை ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது. பைக் சத்தம் கேட்டது. கிருமாம்பாக்கம் வந்துவிட்டதாம்.